நீலத்துக்காக மண்ணை மாற்றியவர்கள்

என் வேலை குறை கண்டுபிடிப்பது. வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அந்தக் குணம் இருந்தது என்பார்கள் வீட்டில். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்துவிட்டு இருபது வருஷமாக டைல்ஸ் தொழிற்சாலைகளில் கிளேஸ் லைனில், அதாவது டைலின் மேல் கண்ணாடிப் பூச்சு ஏறும் இடத்தில் நிற்கிறேன். கடைசி ஒன்பது வருஷம் அமீரகத்தில். சூளையிலிருந்து வெளியே வரும் டைலில் ஊசித்துளை இருக்கிறதா, கிளேஸ் ஒதுங்கி மண் தெரிகிறதா, ஷேடு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு ஷிப்டு போய்விடும்.

இதில் நான் மிகவும் பயப்படுவது கிரேசிங்குக்கு. கிளேஸின் மேல் சிலந்தி வலை போல ஓடும் மயிரிழை விரிசல் அது. ஊசித்துளையாவது அங்கேயே தெரிந்துவிடும். கிரேசிங் அப்படியில்லை, டைல் நல்ல பிள்ளையாக லாரி ஏறிப் போய், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் தன் குணத்தைக் காட்டும். அதனால் அனுப்பும் முன்பே சோதிப்போம். ஆட்டோகிளேவ் என்ற ராட்சச பிரஷர் குக்கரில் டைலை அடுக்கி, 5 பார் அழுத்த நீராவியில் 2 மணி நேரம் வைப்போம். ஆறிய பிறகு மெத்திலின் நீலச் சாயத்தைத் தடவித் துடைத்தால், விரிசல் இருக்கிற இடத்தில் மட்டும் சாயம் இறங்கி நீலக் கோடாக நிற்கும். ஒரு கோடு தெரிந்தால் போதும், மொத்த லாட்டும் நின்றுவிடும். எனக்கும் தூக்கம் போய்விடும்.

இப்படிப்பட்ட ஆள் ஈரானுக்குப் போய் அங்கே மட்பாண்டம் பார்த்தால் எப்படி இருக்கும்?

2024 பிப்ரவரியில், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விமானத்தில் வந்தால் விசா இல்லாமல் 15 நாள் தங்கலாம் என்று ஈரான் அறிவித்தது (2025 நவம்பரில் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள்). நான் இருக்கும் ஊரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம்தான் ஈரான். இத்தனை வருஷமாகப் போகவில்லை. மே மாதம் முதல் வாரம் லீவு கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

தெஹ்ரானில் முப்பதாம் தீர் தெருவில் ஆப்கீனே என்று கண்ணாடி, செராமிக் பொருள்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பிரபு ஒருவரின் மாளிகை. அங்கே ஒரு டர்க்காய்ஸ் நிறக் கிண்ணத்தின் முன் நின்றேன். மயில் கழுத்தை வெயிலில் பார்த்தால் ஒரு பக்கம் பச்சையும் நீலமும் கலந்து மின்னுமே, அந்த நிறம். அடியில் கிளேஸ் வழிந்து, கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. ஓரத்தில் இரண்டு ஊசித்துளை. உடம்பு முழுக்க கிரேசிங். எங்கள் லைனில் வந்திருந்தால் மூன்று தனித்தனிக் காரணங்களுக்காக மூன்று முறை ரிஜெக்ட் ஆகியிருக்கும். நானோ கால் மணி நேரம் அதை விட்டு நகரவில்லை.

அந்த நிறத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு.

சில வருஷம் முன்பு, வேலை நேரம் முடிந்த பிறகு லேபில் விளையாட்டாக ஒரு டர்க்காய்ஸ் செய்து பார்த்தேன். தாமிர ஆக்சைடு போட்டால் டர்க்காய்ஸ் வரும் என்று டிப்ளமாவிலேயே படித்ததுதான். கையிலிருந்த டிரான்ஸ்பரன்ட் கிளேஸில் 3 சதவீதம் போட்டுச் சுட்டேன். வந்தது சோடா பாட்டில் பச்சை. அளவைக் குறைத்தேன், வெளிறிய பச்சை. கூட்டினேன், கறுத்த பச்சை.

விஷயம் தாமிரத்தில் இல்லை, அது கரைந்திருக்கும் கண்ணாடியில் இருக்கிறது. ஈயம் கலந்த கிளேஸில் தாமிரம் புல் பச்சையாகும். இன்று நாங்கள் பயன்படுத்தும், போரானும் அலுமினாவும் சுண்ணாம்பும் கலந்த கிளேஸிலும் பச்சைப் பக்கமே சாயும். சோடா, பொட்டாஷ் மாதிரியான காரம் நிறைய இருந்து, அலுமினா மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே அதே தாமிரம் டர்க்காய்ஸாக மாறும். சரி என்று சோடா மிகுந்த ஃபிரிட் (உருக்கி உடைத்து அரைத்த கண்ணாடித் தூள்) ஒன்றைத் தேடிப் பிடித்துச் சுட்டேன். நிறம் வந்துவிட்டது! சூளைக் கதவைத் திறந்து டைலை மேசையில் வைத்த அடுத்த நிமிஷம் ஒரு சத்தம். டிங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிங். ராத்திரி முழுக்க அந்த டைல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்தால் மேலெல்லாம் கிரேசிங்.

காரணம் எளிது. சோடா நிறைந்த கிளேஸ் சூட்டில் நிறைய விரியும், ஆறும்போது நிறைய சுருங்கும். அடியிலிருக்கும் மண் அந்த அளவுக்குச் சுருங்காது. வளர்ந்த பையனுக்குப் போன தீபாவளிச் சட்டையை மாட்டிவிட்ட கதைதான், எங்காவது தையல் விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நிறத்தைத் தரும் சோடாதான் விரிசலையும் தருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க எனக்கு வழி தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

காஷானில் இருந்தவர்கள் விடவில்லை.

பாரசீகத்தில் ஓட்டுக்கு, அதாவது டைலுக்கு, ‘காஷி’ என்று பெயர். காஷான் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்த சொல். நமக்குப் பத்தமடை என்றால் பாய் மாதிரி அவர்களுக்குக் காஷான் என்றால் ஓடு. 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சுமார் ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்த ஊர் செய்த வேலையைத்தான் இன்று உலக அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கின்றன. அந்த ஊரில் அபூ தாஹிர் என்று ஒரு குடும்பம், தலைமுறை தலைமுறையாக இதே தொழில். அந்த வீட்டுப் பிள்ளை அபுல் காசிம் மட்டும் மண்ணில் கை வைக்காமல் அரண்மனைக்கு எழுத்துவேலைக்குப் போய்விட்டார். போனவர் 1301இல் எழுதிய நூலில் குடும்பத் தொழில் ரகசியத்தை அளவு சகிதம் எழுதி வைத்துவிட்டார். வீட்டிலிருந்தவர்கள் என்ன சொன்னார்களோ!

அதில் கிண்ணம் செய்யும் கலவைக்கு அவர் சொல்லும் கணக்கு: வெள்ளைக் கல் மாவு 10 பங்கு, அரைத்த கண்ணாடி ஃபிரிட் 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. அவ்வளவுதான். வெள்ளைக் கல் என்பது குவார்ட்ஸ். பன்னிரண்டு பங்கில் களிமண் ஒரே ஒரு பங்கு என்றால், இதை மட்பாண்டம் என்று சொல்வதே தப்பு, கல் பாண்டம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் போர்சலினைப் பார்த்து, அது போலச் செய்யத்தான் இப்படி ஒரு கலவையைப் பிடித்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். உண்மைதான். சீனர்களிடம் இருந்த கயோலின் மண்ணும் 1,300 டிகிரியைத் தொடும் சூளையும் இவர்களிடம் இல்லை. ஆனால் கிளேஸ் லைனில் நிற்பவன் கண்ணுக்கு இன்னொன்றும் படுகிறது. குவார்ட்ஸ் நிறைந்த உடம்பு சூட்டில் நன்றாக விரிந்து சுருங்கும். சோடா கிளேஸின் சுருக்கத்துக்கு அது ஓரளவு ஈடு கொடுக்கும். களிமண்ணில் இருந்து அலுமினா கசிந்து கிளேஸில் கலந்து நிறத்தைப் பச்சைக்கு இழுக்கும் தொல்லையும் குறைகிறது. நான் கிளேஸை மாற்றி மாற்றித் தோற்றேன். அவர்கள் கிளேஸை வைத்துக்கொண்டு அடியில் இருந்த மண்ணை மாற்றிவிட்டார்கள்.

சும்மா இருக்க முடியுமா? ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த 10:1:1 கலவையைப் பிசைந்து பார்த்தேன். சக்கரத்தில் வைத்து இழுத்தால் ரவை உப்புமாவை இழுப்பது போல உதிர்கிறது. சுவர் எழும்பவே மாட்டேன் என்கிறது. கடைசியில் அச்சில் அழுத்தித்தான் ஒரு சின்னத் தட்டு எடுத்தேன். காஷான் பாத்திரங்களில் ஏன் இத்தனை அச்சு வேலை என்பது அப்போது என் விரலுக்கே புரிந்தது.

ஃபிரிட் செய்வதைப் பற்றி அபுல் காசிம் எழுதியது இன்னும் பிடிக்கும். குவார்ட்ஸ் 105 பங்கு, செடிச்சாம்பல் காரம் 100 பங்கு என்று சேர்த்து, இரும்புக் கரண்டியால் கிளறிக்கொண்டே மணிக்கணக்கில் உருக்கி, அந்தக் குழம்பை அள்ளித் தண்ணீர்க் குழியில் ஊற்ற வேண்டும். நெருப்பும் தண்ணீரும் சேரும்போது எழும் சத்தம் இடி இடித்த மாதிரி இருக்கும், கேட்டுப் பழகாதவர்கள் நடுங்கிப்போவார்கள் என்கிறார். ஃபிரிட் ஆலையில் இன்றும் அதேதான் நடக்கிறது. உருகிய கண்ணாடி தண்ணீரில் விழுந்து சுக்கு நூறாக உடையும், பிறகு அரைப்பது சுலபம். நான் முதன்முதலில் பார்த்த அன்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குமாஸ்தா என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது, அந்த வரியைப் படித்தபோது.

அந்தக் காரம் எடுப்பது உவர் நிலத்தில் முளைக்கும் செடியை எரித்து. நம் ஊர் உப்பளங்களின் ஓரத்தில் உமரி என்று சதைப்பற்றாக ஒன்று வளருமே, அதன் சொந்தக்காரச் செடிகள்தான்.

காஷானிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் கம்சார். மே மாதம் அங்கே போகிறவர்கள் எல்லாம் பன்னீர் வடிப்பதைப் பார்க்கத்தான் போவார்கள். தெருவெல்லாம் ரோஜா, தாமிர அண்டாக்கள், பாட்டில் பாட்டிலாகப் பன்னீர். நான் போனது வேறு ஒன்றுக்காக. காஷான்காரர்களின் கருநீலத்துக்கான கோபால்ட் கல் இந்தக் கம்சார் மலையிலிருந்துதான் வந்தது என்று அபுல் காசிம் எழுதியிருக்கிறார். தொழில்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சுலைமானிக் கல். டிரைவரிடம் சொன்னேன். அவர் ஒரு கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பாட்டில் பன்னீரை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

லஸ்டர் என்ற உலோக மினுக்கு வேலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் காஷான் கோபித்துக்கொள்ளும். ஆப்கீனேயில் முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காய்ந்த காப்பிக் கறை நிறத்தில் ஏதோ படம் போட்ட ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அடுத்த பெட்டிக்கு நகர்ந்தபோது கண்ணின் ஓரத்தில் ஏதோ மின்னியது. திரும்பினேன். அதே கிண்ணம், தங்கமாக இருந்தது. ஒரு அடி பின்னால் வந்தால் பழுப்பு, ஒரு அடி முன்னால் போனால் தங்கம். காவலர் நான் முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்துவிட்டு அருகில் வந்து நின்றுகொண்டார்.

அதில் தங்கம் துளியும் கிடையாது. வெள்ளியும் தாமிரமும்தான். ஒருமுறை கிளேஸ் போட்டுச் சுட்டு முடித்த பாத்திரத்தின் மேல் இந்த உலோகச் சேர்மங்களை மண்ணோடும் திராட்சைச் சாறு அல்லது காடியோடும் குழைத்து எழுதுவார்கள். பிறகு இரண்டாவது சூளை. இதில் சூடு குறைவு, புகை முக்கியம். காற்றை அடைத்துவிட்டால் புகைக்கு ஆக்சிஜன் தேவைப்படும். அதை ஆக்சைடுகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். மிச்சமாகும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக, நானோமீட்டர் கணக்கில், கிளேஸின் மேல் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே எடுக்கும்போது கரியும் மண்ணுமாகத்தான் இருக்கும். தேய்த்துக் கழுவினால் அடியிலிருந்து பொன் எழும்பும். இந்தப் புகைச் சூட்டுக்கு 72 மணி நேரக் கணக்கு சொல்கிறார் அபுல் காசிம். எங்கள் ரோலர் சூளையில் ஒரு டைல் உள்ளே போய் வெளியே வர ஒரு மணி நேரம் கூட ஆகாது. மூன்று நாள் புகையைக் கண்ணாலேயே பார்த்து அடக்கி ஆள்வது எனக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கொஞ்சம் அதிகமானால் கறுப்பு, குறைந்தால் ஒன்றுமே இல்லை.

இந்த வித்தையில் அபுல் காசிமின் அப்பா அலி பெரிய கை. 1265இல் வராமீன் ஊர் இமாம்ஸாதே யஹ்யா தர்காவுக்கு லஸ்டர் ஓடுகளால் ஒரு தொழுகை மாடம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது இப்போது ஹவாயில், ஹொனலூலுவில் இருக்கிறது. அதே தர்காவின் நட்சத்திர ஓடுகளும் சிலுவை ஓடுகளும் 19ஆம் நூற்றாண்டில் பெயர்க்கப்பட்டு லண்டன் உட்படப் பல ஊர்களுக்குப் போய்விட்டன. நம் சோழர் செம்புத் திருமேனிகளின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இஸ்ஃபஹானைப் பற்றி இணையம் முழுக்கப் படம் இருக்கிறது, நான் நீட்டப்போவதில்லை. ஒரே ஒரு தொழில் விஷயம் மட்டும். பெரிய சதுக்கத்தின் கிழக்கே ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல், தெற்கே ஷா பள்ளிவாசல். இரண்டும் ஷா அப்பாஸ் தொடங்கியவை, சில வருஷ இடைவெளிதான். சின்னதான லுத்ஃபுல்லாவில் பெரும்பாலும் மொஅர்ரக் வேலை: ஒவ்வொரு நிறத்தையும் தனி ஓடாக, அந்த நிறத்துக்குத் தோதான சூட்டில் சுட்டு, உளியால் இலை இலையாக, இதழ் இதழாக வெட்டிச் சேர்ப்பது. பெரியதில் பரப்பளவு மிக அதிகம், அரசருக்கோ அவசரம். அங்கே ஹஃப்த் ரங், அதாவது ஏழு நிறம் என்ற முறை: ஒரே சதுர ஓட்டில் எல்லா நிறத்தையும் பக்கம் பக்கமாகத் தீட்டி ஒரே சூட்டில் சுடுவது. நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க, நடுவே மாங்கனீஸை எண்ணெய்ப் பசையில் குழைத்துக் கோடு இழுப்பார்கள். எண்ணெய்க் கோட்டைத் தண்ணீர் கலந்த கிளேஸ் தாண்டாது. எண்ணெய் எரிந்து, மாங்கனீஸ் கறுப்புக் கோடாக நின்றுவிடும். புத்திசாலித்தனம்தான். ஆனால் ஏழு நிறமும் ஒரே சூட்டில் வேக வேண்டும் என்றால் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கூட்டுக்குடும்பச் சாம்பார் போல, யாருக்கும் முழுசாகப் பிடித்தபடி இராது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் நிறத்தின் ஆழத்தில் வித்தியாசம் தெரிகிறது. லுத்ஃபுல்லா குவிமாடத்தில் கொடிகளுக்கு மட்டும் கிளேஸ், பின்புலம் மெருகில்லாத சந்தன நிறம். வெயில் நகர நகரக் கொடி மட்டும் மின்னுகிறது. எனக்குச் சின்னதுதான் பிடித்தது.

கடைசி இரண்டு நாள் யஜ்த் பக்கம். அங்கே நீர் அருங்காட்சியகத்தில் ஒரு சின்னத் தாமிரக் கிண்ணம் வைத்திருந்தார்கள், அடியில் துளையோடு. கனாத் என்ற நிலத்தடி வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட, இதைப் பெரிய பாத்திரத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். நிறைந்து மூழ்கினால் ஒரு முறை முடிந்தது. அட, நம் நாழிகை வட்டில்! பெயர் என்ன என்று கேட்டேன். “பெங்கான்” என்றார் டிரைவர். கோப்பை, கிண்ணம் என்று பொருள். நாம் பீங்கான் என்று சொல்வது இந்தச் சொல்லைத்தான். தினம் இருபது முறை சொல்கிற என் தொழிலின் பெயருக்குப் பிறந்த வீடு இது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பக்கத்து ஊர் மெய்போதில் ஒரு பட்டறை. முதியவர் ஒருவர், உஸ்தாத் என்று கூப்பிடுங்கள் என்றார் டிரைவர். தரையோடு தரையாக உட்கார்ந்து, ஒரு கையால் சுழல்பலகையை மெல்லச் சுற்றிக்கொண்டு, தூரிகையை மற்ற கையில் அசையாமல் பிடித்திருந்தார். கோடு தானாக வட்டமாகிறது. வட்டத்துக்குள் ஒரு பெண் முகம்: சேர்ந்த புருவம், அகலக் கண், சின்ன வாய். வட்டத்துக்கு வெளியே கதிர்கள். குர்ஷீத் கானும், சூரிய அம்மணி. மெய்போதின் அடையாளம். சேர்ந்த புருவத்தை ஒரே இழுப்பில் முடித்தார். ஒரு பறவை வளைவு, நடுவில் கொஞ்சம் அழுத்தம், அவ்வளவுதான். முகம் முழுக்க வரைய இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. எங்கள் இங்க்ஜெட் மெஷின் இதைவிட வேகம்தான். ஆனால் அதன் இரண்டு முகங்களுக்கு நடுவே வித்தியாசம் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். இங்கே அலமாரியில் இருந்த நாற்பது முகமும் நாற்பது பேர். ஒருத்தி கோபக்காரி.

நான் ஒரு கிண்ணத்தை எடுத்து, பழக்க தோஷம், சட்டைப்பையில் இருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பளபளப்பான கிளேஸில் அங்கங்கே மெல்லிய விரிசல். உஸ்தாத் ஏதோ சொன்னார், பட்டறையே சிரித்தது. டிரைவர் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்: “வாங்குவது கிண்ணமா வைரமா என்று கேட்கிறார்.” அதையே வாங்கினேன்.

அந்த வருஷ லீவில் ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். இதில் சாப்பாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம், ஊறுகாய், மோர், புளி ஆகவே ஆகாது என்று சொன்னேன். ஈயம் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்காத கிளேஸில் புளிப்பு வைக்கக் கூடாது, தொழில் தெரிந்தவன் வீட்டிலாவது அது நடக்கட்டும். “சாப்பிட முடியாத கிண்ணத்தை எதுக்குடா அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிட்டு வந்த?” என்று கேட்டுவிட்டு, அம்மா அதை வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் குழைக்க எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். கழுவிக் கவிழ்த்திருந்த கிண்ணத்தை நிமிர்த்தினால், உள்ளே சூரிய அம்மணியின் நெற்றியிலும் கன்னத்திலும் மஞ்சள் இழை இழையாக ஓடியிருக்கிறது. ஒரு விரிசல் விடாமல் காட்டியிருந்தது. எங்கள் மெத்திலின் நீலம் கூட இவ்வளவு சுத்தமாகக் காட்டாது. இரண்டு நாள் வெயிலில் வைத்தால் போய்விடும் என்று எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன்.

“வை அப்படியே. பொம்பளை முகந்தானே, மஞ்சள் பூசினா என்ன?” என்றார்கள் அம்மா.